“நடப்பானா சாமி?” - தசை இறுக்கமுள்ள குழந்தைக்கு அறுவை சிகிச்சை



மூளை முடக்குவாதத்தால் கால்கள் விறைத்துப்போன குழந்தையை வளர்க்கும் பெற்றோர், “ஆபரேஷன் செய்து பார்க்கலாம்” என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நிம்மதியாகத் தூங்குவதில்லை. நிலத்தை விற்றாவது செய்துவிடு என்கிறார் தாய்மாமன். பச்சைப் பிள்ளைமேல் கத்தி வைக்காதே, தியான இல்லத்துக்குக் கூட்டிப்போ, ஆண்டவர் குணமாக்குவார் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு பேச்சையும் கேட்டுக் குழம்பியபின் பங்குத்தந்தையிடம் வந்து, “சாமி, ஆபரேஷன் பண்ணினா புள்ள நடப்பானா? பண்ணாம விட்டா பாவமா?” என்று கேட்கிறார்கள்.

முதல் கேள்வி மருத்துவருக்கு உரியது, இரண்டாவது திருச்சபைக்கு உரியது என்று பிரித்துவிடலாம்போலத் தோன்றும். ஆனால் எந்த அறுவை சிகிச்சை எதற்காகச் செய்யப்படுகிறது என்று தெரியாமல், செய்யாமல் விடுவது பாவமா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல முடியாது. எனவே மருத்துவச் செய்தியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவர்முன் அமரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

அதற்குமுன் ஒரு சொல். இத்தகைய குழந்தையின் தாய், தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறாள். கர்ப்பமாக இருந்தபோது எதையோ சாப்பிட்டேன், எங்கோ போனேன், யாரையோ நோகடித்தேன் என்று. மாமியார் வீட்டிலும் அதற்கேற்பப் பேச ஆள் இருக்கும். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம், இவரா இவர் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டதும், இருவருமே அல்ல என்று ஆண்டவர் மறுத்ததும் யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த மறுப்புக்குப் பிறகும் நம் வீடுகளில் அதே கேள்வி கேட்கப்படுவது வருத்தத்துக்குரியது.

மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளையில் ஏற்பட்ட ஒரு பாதிப்பு. குறைமாதப் பிறப்பு, பிறப்பின்போது உயிர்வளி குறைதல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைத் தொற்று எனக் காரணங்கள் பல. காரணம் கண்டுபிடிக்க முடியாத குழந்தைகளும் உண்டு. இந்நோயை முதலில் விரிவாக விளக்கியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். பிரசவச் சிக்கலுக்கும் குழந்தைகளின் தசை விறைப்புக்கும் உள்ள தொடர்பை 1861-இல் எழுதினார். அவரே சிறுவயதில் கால் வளைந்தவர். 1836-இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமயர் என்ற மருத்துவர் குதிகால் நாணை வெட்டிச் சரிசெய்ய, நேராக நடந்து ஊர் திரும்பியவர். அறுவை சிகிச்சையால் நன்மை கண்டவர்தான் இந்நோயை உலகுக்கு விளக்கினார்.

இறுக்கம் வேறு, குறுக்கம் வேறு

நம் தசைகள் இழுக்கப்படும்போது தண்டுவடத்திலிருந்து “சுருங்கு” என்ற கட்டளை தானாகவே வரும். அது அளவு மீறாதபடி மூளை கடிவாளம் பிடிக்கிறது. மூளையின் அந்தப் பகுதி பாதிக்கப்பட்டால் கடிவாளம் நழுவுகிறது. தசை எப்போதும் இறுகியே இருக்கிறது. கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்வதும், குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்பதும் இதனால்தான். இது நரம்புவழி வரும் இறுக்கம். குழந்தை தூங்கும்போது தளரும்; அழும்போதும் பயப்படும்போதும் கூடும்.

இறுகிய தசை ஆண்டுக்கணக்கில் நீட்டப்படாமல் இருந்தால், எலும்பு வளரும் வேகத்துக்கு அது வளராது, நிலையாகக் குறுகிவிடும். அப்போது தூக்கத்தில்கூட முட்டி முழுதாக நீளாது. இது குறுக்கம். இறுக்கத்துக்குச் செய்யும் சிகிச்சை குறுக்கத்தை நீக்காது. குறுக்கத்துக்குச் செய்வது இறுக்கத்தைக் குறைக்காது. “என் பிள்ளைக்கு இருப்பது இதில் எது, எந்தத் தசையில் எவ்வளவு?” என்பதே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது. எந்த அறுவை சிகிச்சையும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பை ஆற்றாது என்பதையும் சேர்த்து மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தி, கேட்கக் கசப்பானது. 1997-இல் கனடாவில் வகுக்கப்பட்ட ஓர் அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அது குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் குழந்தை துணையின்றி நடக்கும், ஓடும். மூன்றாம் நிலைக் குழந்தை கைத்தாங்கியோ வாக்கரோ பிடித்து நடக்கும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே பாடு. பெரும்பாலான குழந்தைகள் 5 வயதுக்குள்ளேயே தங்கள் இயக்கத் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறார்கள் என்று 2002-இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. நிலை நான்கிலோ ஐந்திலோ உள்ள குழந்தையை ஓர் அறுவை சிகிச்சை தனியாக நடக்க வைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால், அந்த இடத்தில் பணத்தைக் கட்டாமல் எழுந்து வருவது நல்லது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை முடக்குவாதம் தீரும் என்ற விளம்பரங்களுக்கும் இது பொருந்தும். அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இந்நோய்க்கு அதைத் தர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடம் தரவில்லை.

மருத்துவர் சொல்லும் வழிகள்

பிசியோதெரபி, இரவில் அணியும் ஸ்பிளிண்ட், பேக்லோஃபென் மாத்திரை, சில மாதங்களுக்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி ஆகியவையே பொதுவாக முதலில் வரும். அறுவை சிகிச்சை அவற்றுக்குப் பின்னரே பேசப்படும்.

முதல் வழி, தண்டுவட நரம்பு வேர்களில் சிலவற்றை வெட்டுவது. ஜெர்மானியரான ஃபோர்ஸ்டர் 1900-களின் தொடக்கத்தில் செய்துபார்த்ததை, 1980-களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வாரிக் பீக்காக் என்ற மருத்துவர் செப்பனிட்டார். கீழ்முதுகைத் திறந்து, கால்களிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்பு வேர்களை மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, மிகையாகத் துள்ளுபவற்றை மட்டும் வெட்டுகிறார்கள். வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. குறைமாதத்தில் பிறந்து, இரு கால்களிலும் இறுக்கம் இருந்து, உடம்பில் போதிய வலுவும் சொன்னதைக் கேட்டுப் பயிற்சி செய்யும் பக்குவமும் உள்ள, 3 முதல் 10 வயதுக்கு உட்பட்ட, இரண்டாம் மூன்றாம் நிலைக் குழந்தைக்கே இது பெரும்பாலும் பொருந்தும்.

பலன் என்ன? வான்கூவர், டொரன்டோ, சியாட்டில் ஆகிய மூன்று நகரங்களில் 1990-களில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளை 2002-இல் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 90 குழந்தைகள். பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, அறுவை சிகிச்சையும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு இறுக்கம் தெளிவாகக் குறைந்தது. இயக்கத் திறனில் கூடுதலாகக் கிடைத்ததோ, நூற்றுக்கு நான்கு புள்ளி அளவே. பிடித்துக்கொண்டு நடந்த குழந்தை இன்னும் எளிதாக நடக்கலாம்; நடக்காதவன் ஓடிவிடமாட்டான். இங்கிலாந்தில் இந்தச் சிகிச்சை பொதுவாகக் கிடைக்காத காலத்தில், பெற்றோர் ஊர் ஊராக நிதி திரட்டி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். 2018-இல் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை, 3 முதல் 9 வயதுள்ள இரண்டாம் மூன்றாம் நிலைக் குழந்தைகளுக்கு இதை ஏற்றது. தகுந்த குழந்தைக்கு நல்ல சிகிச்சைதான். தகுதி பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலர் எதிர்பாராத ஒன்றும் இதில் உண்டு. சில குழந்தைகள் அந்த விறைப்பையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கிறார்கள். அது போனதும், உள்ளே மறைந்திருந்த தசைப் பலவீனம் வெளியே தெரிகிறது. அறுவை சிகிச்சை முடிந்த வாரத்தில் பிள்ளை முன்பைவிடத் துவண்டு கிடப்பதைப் பார்த்துத் தாய் பதறிவிடுவாள். பிறகு ஓராண்டுபோல விடாத பயிற்சி. அதற்கு ஆளும் நேரமும் பேருந்துக் காசும் இல்லாத வீட்டில் இந்த அறுவை சிகிச்சையைச் செய்துவிட்டு வருவது, விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விடுவதுபோலத்தான்.

இரண்டாவது, பேக்லோஃபென் பம்பு. வட்டமான ஒரு சிறு கருவியை வயிற்றின் தோலுக்கடியில் பதித்து, மெல்லிய குழாய்வழி மருந்தை நேராகத் தண்டுவட நீருக்குள் செலுத்துகிறார்கள். வாயால் கொடுப்பதில் மிகச் சிறு பங்கே போதும் என்பதால் மயக்கமும் சோர்வும் குறையும். வேண்டாம் என்றால் நிறுத்தவோ எடுக்கவோ முடியும். உடல் முழுவதும் விறைத்து, உடை மாற்றக் கையைக்கூட விரிக்க முடியாத நான்காம் ஐந்தாம் நிலைக் குழந்தைகளுக்கு இது பெரிய ஆறுதலாகலாம். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் ஊசியால் மருந்து நிரப்ப வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்து கருவியையே மாற்ற வேண்டும். தொற்று வரலாம். குழாய் அடைத்தோ மருந்து தீர்ந்தோ திடீரென்று நின்றுபோனால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பாவமா என்ற கேள்வி

திருச்சபையின் போதனை இங்கேதான் கைகொடுக்கிறது. திருத்தந்தை 12-ஆம் பயஸ், 1957 நவம்பர் 24 அன்று மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசியபோது, உயிரையும் உடல்நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள நமக்குக் கடமை உண்டு, ஆனால் தமக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் வழிகளுக்கு அந்தக் கடமை இல்லை என்று விளக்கினார். எது சாதாரணம் என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் சூழலையும் பொறுத்தது என்றும் கூறினார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் 1980-ஆம் ஆண்டு அறிக்கையும், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2278-ஆம் பத்தியும் இதே எடைபோடுதலைச் சொல்கின்றன: எதிர்பார்க்கும் பலனுக்கும் சுமக்க வேண்டிய சுமைக்கும் பொருத்தம் இருக்கிறதா? இந்தப் போதனைகள் முதன்மையாகச் சாகும் தறுவாயில் உள்ளோரைப் பற்றியவை. ஆயினும் எடைபோடும் முறை நமக்கும் பொருந்தும்.

இடத்தைப் பொறுத்தது என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் வாழும் குழந்தைக்குப் பம்பு எளிய சுமை. பத்து மணி நேரம் பேருந்தில் வர வேண்டிய, மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்படும் கடலோரக் கிராமத்துக் குழந்தைக்கு அதே பம்பு ஆபத்தாகலாம். “எங்களால் இதைத் தாங்க முடியாது” என்று அந்தப் பெற்றோர் மறுத்தால் அது பாவம் அல்ல; விசுவாசக் குறைவும் அல்ல. மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தி, இருக்கும் ஒரே வீட்டையும் அடகு வைத்து, நூற்றுக்கு நான்கு புள்ளிக்காக ஓர் அறுவை சிகிச்சை செய்துதான் தீரவேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

மறுபக்கமும் உண்டு. தனக்காக மறுப்பது வேறு, பேசத் தெரியாத பிள்ளைக்காக மறுப்பது வேறு. சுமை சிறிதாகவும் நன்மை தெளிவாகவும் இருக்கும்போது, ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று பெற்றோர் கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று போட்டி என்று பேசுவோர் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

நடக்காத பிள்ளையின் இடுப்பு

மூன்றாவது வழி எலும்பு, தசைநாண் சார்ந்த அறுவை சிகிச்சை. நம் ஊர்களில் அதிகம் நடப்பது இதுதான். குறுகிய குதிகால் நாணை நீட்டுவது, தொடையின் பின்தசையைத் தளர்த்துவது, திரும்பிய எலும்பை வெட்டித் திருப்பி வைப்பது. முன்பு ஆண்டுக்கொன்றாகச் செய்தார்கள். பிள்ளையின் பிறந்தநாள் ஒவ்வொன்றும் மாவுக்கட்டோடு போகும். இப்போது நடக்கும் பிள்ளைகளுக்குக் கூடியவரை 8 வயதையொட்டிக் காத்திருந்து, நடையை நன்கு ஆராய்ந்து, தேவையான எல்லா இடங்களையும் ஒரே முறையில் சரிசெய்வதையே விரும்புகிறார்கள். காரணம் இருக்கிறது. திருவிழாக் கொடிமரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிய கயிறுகளில் ஒன்றை மட்டும் தளர்த்தினால் மரம் சாயும். இரு கால்களிலும் இறுக்கம் உள்ள சிறு பிள்ளைக்குக் குதிகால் நாணை மட்டும் அளவுக்கு மீறி நீட்டிவிட்டால், சில ஆண்டுகளில் முட்டி மடங்கிக் குந்தியபடி நடக்கத் தொடங்குவான். அதைத் திருத்துவது கடினம். ஆகவே “ஒரே ஒரு சின்ன ஆபரேஷன்” என்று கேட்கும்போது, மேலேயுள்ள மூட்டுகளைப் பார்த்தாயிற்றா என்று விசாரியுங்கள்.

இனி நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது. “நடக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள், பிறகு எதற்கு ஆபரேஷன்?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நடக்காத பிள்ளைக்குத்தான் இடுப்பு மூட்டு நழுவும் ஆபத்து அதிகம். தொடை உள்பக்கமாக இழுக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் எலும்பின் தலைப்பகுதி மெல்ல மெல்லக் கிண்ணத்தைவிட்டு வெளியே போகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு விலகல் இருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு. தொடக்கத்தில் வலி இராது. முற்றிய பிறகு, உட்கார வைத்தால் அழுகை, கால் விரித்துக் கழுவினால் அழுகை, இரவெல்லாம் அழுகை. வாய் பேசாத பிள்ளை ஏன் அழுகிறது என்று தெரியாமல் வீடே தவிக்கும்.

இதைத் தடுக்க முடியும். தெற்கு சுவீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒழுங்காக இடுப்பு எக்ஸ்-ரே எடுத்து, விலகத் தொடங்கும்போதே சிகிச்சை செய்ததில், மூட்டு முழுதாக நழுவிப்போவது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. வேண்டியதெல்லாம் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், ஒரு சாதாரண எக்ஸ்-ரே. அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். என் கருத்தில் இது எந்தப் பெற்றோரும் தட்டிக்கழிக்கக் கூடாத சாதாரண வழி. இடுப்பு விலகுகிறது, அறுவை சிகிச்சை தேவை என்று அனுபவமுள்ள எலும்பு மருத்துவர் சொன்னால், பிள்ளையின் உடல் மயக்க மருந்தைத் தாங்குமா, நுரையீரல் எப்படி, வலிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்பவற்றையெல்லாம் பார்த்தபின், அதற்குச் சம்மதிப்பதே பெரும்பாலும் சரியான முடிவாக இருக்கும். நடப்பதற்காக அல்ல. வலியில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக.

யோனத்தானின் மகன் மெபிபொசேத்து நினைவுக்கு வருகிறான். ஐந்து வயதில் செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடும்போது கீழே விழுந்து இரு கால்களும் முடமானவன் (2 சாமுவேல் 4). தாவீது அரசர் அவனைத் தேடி வரவழைத்தார். நாள்தோறும் அரசரின் பந்தியிலேயே உணவருந்தினான். அதைச் சொல்லும் 9-ஆம் அதிகாரம், அவன் இரு கால்களும் முடமானவன் என்பதை முடிவில் மறுபடியும் சொல்கிறது. கால் குணமாகவில்லை, பந்தியில் இடம் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு மருத்துவம் செய்ய வேண்டியதில் பாதி, அந்தப் பந்தியில் வலியின்றி உட்கார வைப்பதுதான்.

சம்மதக் கையெழுத்துக்கு முன்

இந்த அறுவை சிகிச்சையின் நோக்கம் என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். “இரவில் தூங்குவான்”, “வாக்கர் பிடித்துப் பள்ளிக்குப் போவான்”, “இடுப்பு நழுவாது” என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால் நல்லது. “முன்னேற்றம் இருக்கும்” என்பது போதாது. செய்யாவிட்டால் இரண்டு ஆண்டில் என்ன ஆகும், ஓராண்டு தள்ளிப்போட்டால் கெடுதல் உண்டா, பயிற்சியை எங்கே யார் தருவார்கள் என்றும் கேட்க வேண்டும். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு நம் மாநிலத்தில் நெடுநாள் அனுபவமுள்ள இடங்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிப் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கமும், சென்னையில் வித்யா சாகரும் 1980-களிலிருந்து இப்பிள்ளைகளுக்காக உழைக்கின்றன. செலவைப் பொறுத்தவரை முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டையும், மூளை முடக்குவாதமுள்ளோருக்கான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டையும் விசாரியுங்கள். பின்னதில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நிலத்துக்கு விலை பேசுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

பிள்ளையிடமும் கேளுங்கள். எட்டு வயதுப் பையனுக்கு எல்லாம் புரிகிறது. குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவரிடம்கூட, நலம்பெற விரும்புகிறீரா என்று கேட்டபிறகுதான் ஆண்டவர் குணமாக்கினார் (யோவான் 5). ஓராண்டுப் பயிற்சியின் வலியைச் சுமக்கப்போவது அவன். பேச்சு வராத பிள்ளையும் கண்ணாலும் கையாலும் சொல்லும். அதைப் புரிந்துகொள்ளத் தாய்க்குத் தெரியும்.

பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் நோயில்பூசுதல் பெறுவது பொருத்தமானது என்று திருச்சபை கற்பிக்கிறது. அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல. விவரம் அறியும் வயது வந்த பிள்ளைகளும் அதைப் பெறலாம். விவரம் அறிகிறதா என்ற ஐயம் இருந்தாலும் கொடுக்கலாம். மருத்துவமனையில் சேரும் நாளுக்கு முந்திய ஞாயிறு திருப்பலிக்குப்பின் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து கொடுக்கலாம். உங்கள் அன்பியத் தலைவரையும் அன்று உடன் அழையுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் வாரத்தில் மூன்று நாள் பிள்ளையைப் பயிற்சிக்குத் தூக்கிப்போக யார் யார் வருவார்கள் என்பதை அங்கேயே பேசிப் பெயர் எழுதிக்கொள்ளலாம்.